கீறல் முட்டை: எதைச் சமைக்கலாம், எதை எறிய வேண்டும்

நாமக்கல் மண்டலத்தில் நாளொன்றுக்கு 5 கோடிக்கு மேல் முட்டை உற்பத்தியாகிறது என்பது கோழிப்பண்ணைத் துறையினர் சொல்லும் கணக்கு. கூண்டுக் கம்பியில் உருண்டு, அட்டையில் ஏறி, லாரியில் குலுங்கி, கேரளத்துக்கும் கப்பலுக்கும் பள்ளிக்கூடச் சத்துணவு மையத்துக்கும் போகும் முட்டைகள் இவை. நூற்றுக்கு இரண்டு கீறினால்கூட ஒரு நாளைக்குப் பத்து லட்சம் முட்டை. அவ்வளவும் குப்பைக்குப் போவதில்லை. போகவும் கூடாது. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, புதுச்சத்திரம் வட்டாரத்துப் பண்ணைகளில் கீறல் முட்டையைக் குறைந்த விலைக்குக் கொடுப்பது வெகுகால வழக்கம். வேலைக்கு வருபவர்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் வாங்கிப் போகிறார்கள். இன்னொரு பங்கு பேக்கரிக்கும் பரோட்டாக் கடைக்கும் போகிறது.

ஆகவே இந்த ஊர்ப்பக்கம் ‘இந்த முட்டையைச் சாப்பிடலாமா?’ என்பது எப்போதோ எழும் கேள்வி அல்ல, அன்றாடக் கேள்வி. அதற்குச் சொல்லப்படும் பதில்களும் தயாராக இருக்கின்றன. தண்ணீரில் போட்டுப் பார், காதருகே ஆட்டிப் பார், உடைத்து மோந்து பார். மூன்றும் பயனுள்ளவைதான். ஆனால் மூன்றும் முட்டை பழசா, அழுகியதா என்பதை மட்டுமே சொல்லும். கீறல் வழியே நோய்க்கிருமி உள்ளே போயிருக்கிறதா என்ற கேள்விக்கு இவற்றில் ஒன்றுகூடப் பதில் சொல்லாது. இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிக்கொள்வதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

முதலில் ஓட்டைப் பார்ப்போம். கோழிமுட்டை ஓட்டில் 95 சதவீதம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம் கார்பனேட். அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏழாயிரத்திலிருந்து பதினேழாயிரம் வரை இருக்கும். குஞ்சு மூச்சுவிட இயற்கை வைத்த வழி அது. இந்தத் துளைகளை மூடியபடி ஓட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்திருக்கும். ஓட்டுக்கு உட்புறம் இரண்டு சவ்வுகள். அதற்குள் வெள்ளைக்கரு. வெள்ளைக்கருவே ஒரு காவல்தான். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1922இல் அடையாளம் கண்ட லைசோசைம் என்ற நொதி அதில் நிறைய இருக்கிறது. அது பல பாக்டீரியாக்களின் சுவரைக் கரைத்துவிடும். இன்னொரு புரதம் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமிகளைப் பட்டினி போடும். முட்டை பழசாகும்போது கரியமில வாயு துளைகள் வழியே வெளியேற, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடும். அதுவும் கிருமிக்கு ஒவ்வாது. இத்தனை காவலும் இருப்பதால்தான் முழு முட்டை வெளியில் வைத்தாலும் நாட்கணக்கில் தாங்குகிறது.

கீறல் இந்த அடுக்குகளில் எத்தனையைத் தாண்டியிருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஓடு மட்டும் மயிரிழையாகக் கீறி, உள்சவ்வு கிழியாமல், ஈரம் கசியாமல் இருந்தால் அது ஒரு வகை. ஓடு நசுங்கி உள்ளே குழிந்திருந்தாலும் சவ்வு முழுசாக இருக்கலாம். அதையும் இதே வகையில் சேர்க்கலாம். சவ்வும் கிழிந்து வெள்ளைக்கரு கசிகிற முட்டை இன்னொரு வகை. உலகம் முழுக்கத் தரம் பிரிப்பவர்கள் இந்த இரண்டையும் தனித்தனியாகவே வைக்கிறார்கள். கசிகிற முட்டையை மனித உணவுக்கு எடுக்கவே கூடாது என்பதில் அநேகமாக எல்லா நாடுகளுக்கும் ஒரே கருத்து. ஓடே இல்லாமல் தோல்போல இடப்படும் ‘தோல் முட்டை’யும் விற்பனைக்கு உரியதல்ல.

மயிரிழைக் கீறலைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு முட்டைகளை மெல்லத் தட்டிப் பார்த்தால், முழு முட்டை கணீரென்றும் கீறல் முட்டை மொத்தையாகவும் ஒலிக்கும். தரம் பிரிக்கும் தொழிலாளர்கள் கை ஓயாமல் இதைச் செய்வார்கள். இருட்டில் முட்டையை விளக்கின் முன் பிடித்துப் பார்ப்பது இன்னும் தெளிவு. கைபேசி டார்ச் போதும். கீறல் வெள்ளைக் கோடாக ஒளிரும். அகன்ற முனையில் காற்றறையின் அளவும் தெரியும். நம் நாட்டின் அக்மார்க் தர விதிப்படி ஏ தர முட்டைக்கு ஓடு சுத்தமாக, உடையாமல் இருக்க வேண்டும். காற்றறை ஆழம் 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பி தரத்துக்கு 8 மில்லிமீட்டர் வரை விடுவார்கள்.

தண்ணீர்ச் சோதனையும் இந்தக் காற்றறையைத்தான் அளக்கிறது. நாள் ஆக ஆக முட்டைக்குள் இருக்கும் நீர் துளைகள் வழியே ஆவியாகி, அந்த இடத்தில் காற்று நிறைகிறது. புது முட்டை அடியில் படுத்துக்கிடக்கும், கொஞ்சம் பழசானது நிமிர்ந்து நிற்கும், மிகவும் பழசானது மிதக்கும். மிதக்கும் முட்டையை எறிந்துவிடுங்கள். ஆனால் மூழ்கியது என்பதற்காகக் கீறல் முட்டையை நம்பிவிடக் கூடாது. காலையில் இட்டு, காலையிலேயே கீறி, கோழி எச்சம் பட்ட முட்டையும் கல்போல மூழ்கத்தான் செய்யும். அதுமட்டுமல்ல, கீறல் முட்டையைத் தண்ணீரில் போட்டால் அந்தத் தண்ணீரில் இருப்பதெல்லாம் கீறல் வழியே உள்ளே போகும். கீறல் முட்டைக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

மூக்கும் இப்படித்தான். முட்டை அழுகும்போது புரதத்தில் உள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகிறது. அதன் நாற்றத்தை மிகச் சிறிய அளவிலேயே நாம் உணர்ந்துவிடுவோம். வெள்ளைக்கரு பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ மாறியிருந்தால் சூடோமோனஸ், புரோட்டியஸ் போன்ற அழுகல் பாக்டீரியாக்கள் உள்ளே குடியேறிவிட்டன என்று பொருள். யோசிக்காமல் எறிய வேண்டியவை இவை. ஆனால் நோய் உண்டாக்கும் சால்மோனெல்லாவுக்கு நாற்றம் இல்லை, நிறம் இல்லை. அது பெருகிய முட்டை பார்ப்பதற்கு நல்ல முட்டையாகவே இருக்கும். ‘மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது’ என்று சொன்ன வீட்டில் மறுநாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வருவது இதனால்தான்.

இன்னொரு பக்கம், வீணாக எறியப்படும் முட்டைகளும் உண்டு. மஞ்சள் கருவில் ஒரு ரத்தப் புள்ளி இருந்தால் அது மஞ்சள் கரு உருவாகும்போது ஒரு சின்ன ரத்தநாளம் வெடித்ததன் அடையாளம், கெட்டுப்போனதல்ல. வெள்ளைக்கரு மங்கலாக இருந்தால் அது புது முட்டை. கரியமில வாயு இன்னும் வெளியேறவில்லை. வேகவைத்த மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் அதிக நேரம் வெந்துவிட்டது, அவ்வளவுதான். மஞ்சள் கரு வெளிறி இருப்பதும் ஆழ்ந்த நிறத்தில் இருப்பதும் தீவனத்தைப் பொறுத்தது.

சால்மோனெல்லா முட்டைக்குள் வர இரண்டு வழி. ஒன்று வெளியிலிருந்து, எச்சத்திலோ அட்டையிலோ கையிலோ இருந்து, ஓட்டுத் துளை அல்லது கீறல் வழியாக. இன்னொன்று உள்ளிருந்தே. என்டெரிடிடிஸ் என்ற வகை கோழியின் சினைப்பையிலேயே தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் புகுந்துவிடும். இந்த இரண்டாவது வழி 1980களில்தான் உலகத்துக்குத் தெளிவாகத் தெரிய வந்தது. 1988 டிசம்பரில் பிரிட்டனின் சுகாதாரத் துறை இணை அமைச்சர் எட்வினா கரி, தங்கள் நாட்டு முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மோனெல்லாவால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னார். முட்டை விற்பனை சரிந்தது, இரண்டு வாரத்துக்குள் அவர் பதவி விலகினார். அவர் மிகைப்படுத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் பிரச்சினை பொய்யல்ல. பிறகு அந்நாட்டுப் பண்ணைகள் 1998இலிருந்து கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, சிங்க முத்திரை குத்திய முட்டைகளைக் கொண்டுவந்தன. 2017இல் அந்த முத்திரை உள்ள முட்டையைக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அரைவேக்காடாகவே சாப்பிடலாம் என்று அந்நாட்டு உணவுத் தர அமைப்பு அறிவித்தது. அந்த அனுமதி அந்த முத்திரைக்குத்தான். இணையத்தில் அதைப் படித்துவிட்டு நம் கடை முட்டைக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

தடுப்பூசி இல்லாத இடத்திலும் கிருமியுள்ள முட்டைகள் சிலவே. அமெரிக்காவில் இருபதாயிரம் முட்டைக்கு ஒன்று என்பது பலமுறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு மதிப்பீடு. ஆனால் அந்த ஒரு முட்டை எங்கே, எவ்வளவு நேரம் கிடந்தது என்பது முக்கியம். 2010இல் அங்கே இரண்டு நிறுவனங்களின் முட்டைகள் 50 கோடிக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன. நோய்வாய்ப்பட்டதாகக் கணக்கில் வந்தவர்கள் ஏறத்தாழ 1,900 பேர்.

வெப்பம்தான் இதில் நம் ஊருக்கே உரிய சங்கதி. வெள்ளைக்கருவில் புகுந்த சால்மோனெல்லா சுலபமாகப் பெருகாது, அங்கே அதற்கு உணவு இல்லை. மஞ்சள் கருவைச் சுற்றியிருக்கும் சவ்வு தளர்ந்து சத்துகள் கசியத் தொடங்கியதும்தான் அது கிடுகிடுவெனப் பெருகும். 20 டிகிரியில் வைத்த முட்டையில் அதற்கு மூன்று வாரம்வரை ஆகிறது என்று பிரிட்டனில் செய்த ஆய்வுகள் காட்டின. 30 டிகிரிக்கு மேல் அந்தக் காலம் வெகுவாகச் சுருங்கிவிடும். சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக் கடையில் அடுக்கிய அட்டைக்குள் இன்னும் புழுங்கும். வெளியில் ஒரு நாள் கிடக்கும் முட்டை, குளிர்பெட்டியில் ஒரு வாரம் இருந்த முட்டை அளவுக்கு முதிர்ந்துவிடும் என்று முட்டைத் துறையில் சொல்வார்கள். அயல்நாட்டுச் சமையல் நூல் சொல்லும் நாட்கணக்கை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவித்தான் விற்க வேண்டும், ஐரோப்பாவில் முதல் தர முட்டையைக் கழுவவே கூடாது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. கழுவினால் எச்சமும் கிருமியும் போகும், கூடவே காவல் படலமும் போகும். அதனால் கழுவிய முட்டையைத் தொடர்ந்து குளிரில் வைத்தாக வேண்டும். அமெரிக்க விதிப்படி கழுவும் நீர் முட்டையைவிட வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வெயிலில் இருந்து வந்த முட்டையைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளிருப்பது சுருங்கி, துளைகள் வழியே அழுக்கு நீரை உள்ளே இழுத்துவிடும். நம் வீடுகளில் முட்டை வாங்கி வந்ததும் குழாயடியில் கழுவிக் குளிர்பெட்டியில் அடுக்குவது சுத்தம் என்று நினைத்துச் செய்யும் தவறு. எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள். கழுவுவதானால் அடுப்பில் வைக்கும் முன் கழுவுங்கள். எச்சம் கீறலிலேயே ஒட்டியிருந்தால் துடைத்தும் பயனில்லை, எறிந்துவிடுங்கள்.

கீறல் ஏன் விழுகிறது என்பதற்கும் வெயிலே பாதிக் காரணம். கோழிக்கு வேர்வை கிடையாது. வெப்பத்தில் அது வாய் திறந்து மூச்சிரைக்கும். அப்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அதிகம் வெளியேறுவதால் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைந்து ஓடு மெலிகிறது. கோழிக்கு வயதாக ஆக முட்டை பெரிதாகும், ஓடோ அதே சுண்ணாம்பை இன்னும் பெரிய பரப்பில் பரப்ப வேண்டியிருக்கும். ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில் நடக்கிறது. மாலைத் தீவனத்தில் கிளிஞ்சல் சேர்ப்பது இதற்காகத்தான். 1985இல் தொடங்கிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இந்த மாவட்டத்துப் பண்ணைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஓட்டின் தரம் குறைந்தால் அங்கே கேட்பது, கீறல் முட்டையை விற்றுத் தீர்க்கும் வழி தேடுவதைவிட லாபம்.

பிறகு பாதை. சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டைஊசி வளைவுகள். இந்த வழியே சோளக்காட்டுக்கும் செம்மேட்டுக்கும் போகும் முட்டை அட்டைகள் இந்த வளைவுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு அட்டையில் 30 முட்டை. அதில் ஒன்று உடைந்து வழிந்தால் கெட்டது அந்த ஒன்று மட்டுமல்ல. வழிந்த கரு மற்ற ஓடுகளில் ஒட்டி, கிருமிக்கு உணவாகி, துளைகளை நனைக்கிறது. ஒட்டிய முட்டைகளைத் துடைத்துத் தனியே எடுத்து அன்றே சமைத்துவிட வேண்டும். நனைந்த காகித அட்டையை மறுபடி பயன்படுத்தக் கூடாது, அதைச் சுத்தம் செய்ய வழியே இல்லை. பிளாஸ்டிக் அட்டையைக் கழுவி வெயிலில் காய வைக்கலாம்.

சரி, சமைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? 71 டிகிரிக்குச் சூடானால் சால்மோனெல்லா செத்துவிடும். வெள்ளையும் மஞ்சளும் இரண்டுமே கெட்டியாகும்வரை வெந்தால் அந்தச் சூடு வந்துவிட்டது என்று நம்பலாம். கொதிக்கும் நீரில் வேகும்போது ஓடு வெடித்த முட்டையைப் பற்றிக் கவலை வேண்டாம், அது கீறியதே சூட்டில்தான். ஆனால் சேலம், நாமக்கல் பக்கம் முட்டையைக் கெட்டியாகச் சாப்பிடும் பழக்கம் மட்டுமா இருக்கிறது? கலக்கி நம் ஊர்க் கடைகளின் பெருமை. மேலே லேசாக வெந்து உள்ளே குழைந்து நடுங்க வேண்டும், அதுதான் பக்குவம். ஆஃப்பாயில் இல்லாத இரவுக் கடை இல்லை. இவற்றை முழு ஓட்டோடு கூடிய புது முட்டையில் செய்தால் ஆபத்து மிகக் குறைவு. மலிவாக வாங்கிய கீறல் முட்டையில் செய்தால், சாப்பிடுகிறவருக்குத் தெரியாமலே அவர் உடம்பைப் பணயம் வைப்பதாகும். கீறல் முட்டை கலக்கிக்கு ஆகாது.

மயோனைஸ் இதைவிட மோசம். அதில் முட்டை வேகுவதே இல்லை. பச்சை முட்டை மயோனைஸுக்குக் கேரளம் 2023 ஜனவரியிலும், தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியிலும் தடை போட்டன. தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. முட்டையின் தலைநகரான மாவட்டம் உள்ள மாநிலம் இந்தத் தடையைக் கொண்டுவந்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பூப்பெய்திய பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகள் பச்சை முட்டையை அப்படியே விழுங்குகிறார்கள். இரண்டுக்கும் பின்னே இருப்பது பிள்ளை தெம்பாக வேண்டும் என்ற அக்கறைதான். ஆனால் வெந்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் அளவுக்கு உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் ஏறத்தாழ பாதிதான் சேர்கிறது. நாட்டுக்கோழி முட்டை என்பதால் கிருமி வராது என்பதும் இல்லை, அது மண்ணிலும் எச்சத்திலும் கிடந்து எடுக்கப்படும் முட்டை. அதே முட்டையை நல்லெண்ணெயில் நன்றாகப் பொரித்துக் கொடுங்கள், வழக்கமும் நிற்கும், சத்தும் சேரும்.

சத்துணவு மையங்களுக்கு வருவோம். எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் தொடங்கிய திட்டத்தில் 1989இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. அது படிப்படியாக உயர்ந்து 2010இல் வாரம் ஐந்தானது. பெரிய சாதனை இது. அதனாலேயே அங்கே ஒரு முட்டை கெட்டிருந்தாலும் திட்டத்தின் மேல் பழி வரும். ஒரு பெரிய அண்டாவில் மொத்தமாக வேகவைக்கும்போது கீறல் முட்டையின் கரு நீரில் கலந்து எல்லாவற்றின் மேலும் படியும். வந்திறங்கிய அன்றே அட்டை அட்டையாகப் பார்த்து, கீறியதைத் தனியே எண்ணிப் பதிவேட்டில் எழுதி, ஒப்பந்ததாரரிடம் திருப்பிக் கொடுக்கும் உரிமை சமையலருக்கு உண்மையிலேயே இருக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் தன் தலையில் விடியும் என்று பயப்படுகிற ஒரு பெண், சந்தேகமான முட்டையையும் அண்டாவில் போட்டுவிடுவார். அந்தப் பயத்தைப் போக்குவது அதிகாரிகளின் வேலை.

கீறல் முட்டையை வாங்கிச் சாப்பிடும் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கூலிக்குப் போகும் வீட்டில் பிள்ளைகளுக்கு அது கிடைப்பது நல்லது. ஆனால் பண்ணை வாசலில் வாங்குவதற்கும் சந்தையிலோ கடையிலோ வாங்குவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பண்ணையில் கேட்கலாம்: “ஏனுங்க, இது இன்னிக்குக் காத்தால எடுத்ததுங்களா, நேத்தையதுங்களா?” கடையில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் இருக்க மாட்டார். கீறல் எப்போது விழுந்தது என்று தெரியாத முட்டைக்கு எந்தச் சோதனையும் இல்லை.

இத்தனையும் பார்த்தபின் என் முடிவு இது. கசிகிற முட்டை, எச்சம் ஒட்டிய கீறல் முட்டை, எப்போது கீறியது என்று தெரியாத முட்டை ஆகிய மூன்றையும் எறிந்துவிடுங்கள். சவ்வு கிழியாத, அன்று காலை எடுத்த கீறல் முட்டையை அன்றே வாங்கி, முதலில் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்து, கெட்டியாக வேகவைத்தோ பொரித்தோ சாப்பிடலாம். உடைத்து ஊற்றிய கருவை 32 டிகிரிக்கு மேல் உள்ள வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. கோடையில் நம் சமையலறை பகல் முழுக்க அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் அந்த வேளைச் சமையலோடு முடித்துவிட வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் நோயாளிக்கும் முழு முட்டையே கொடுங்கள்.

பண்ணையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கீறல் முட்டையைக் கூடையில் மூடி மாலைவரை வைத்திருந்து விற்காதீர்கள். எடுத்த வேளையிலேயே கொடுத்து, இன்றைக்கே வேகவைக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவதைக் கடைகளுக்குத் தள்ளாமல், பாஸ்சரைஸ் செய்து பொடியாக்கும் ஆலைகள் ஏற்கும் முறையில் அனுப்ப முடியுமா என்று பாருங்கள். ஈரோட்டுப் பக்கம் அத்தகைய ஆலை இயங்குகிறது. கீறல் முட்டையை வாங்குபவர் பெரும்பாலும் உங்கள் பண்ணையில் வேலை செய்பவர்தான். அவர் வீட்டுப் பிள்ளை சாப்பிடப் போகிறது என்ற நினைவோடு அதை எடுத்துக் கொடுங்கள்.